நாலு தோள்

சொன்னால்தான் என்ன? செத்தவள் எழுந்து வந்து, அப்படியில்லை தீதி என்று மறுக்கப்போகிறாளா?

எருமையின் மடியில் கை வைத்தபடி ஜசுலி தனக்குள் கேட்டுக்கொண்டாள். பால் பாத்திரத்தில் விழும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேற்று மாலை கேசர் சிங் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கடித்துக் கடித்துக் கறுப்புத் தேநீர் குடித்துவிட்டு, ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ‘அன்னிக்கு ஊர்ல தூக்க ஒரு ஆள்கூட இல்லை, சாகிப்.’ அவ்வளவுதான். இஞ்சினியர் முன்னால் அதை ஒருதரம் சொன்னால் போதும்.

“சொல்லிட்டு ரெண்டு சொட்டு கண்ணீர் வந்தா நல்லது பௌஜி. வரலைன்னாலும் பரவால்ல, முக்காட்டை இழுத்து விட்டுக்கங்க,” என்று போகிறபோது சேர்த்துக்கொண்டான். அண்ணி முறை என்பதால் பௌஜி என்றுதான் கூப்பிடுவான்.

ரோடு வேண்டும் என்பதில் ஜசுலிக்கு இரண்டு மனசு இல்லை. தார்ச்சாலை கீழே ஆற்றுப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சிலோட்டிக்கு ஒற்றையடிப் பாதைதான். பழகிய காலுக்கே பாதி மலையில் மூச்சு வாங்கும். கேஸ் சிலிண்டர் கோவேறு கழுதையில் வரும். உப்பும் சர்க்கரையும் முதுகில் வரும். தபால், வருகிறபோது வரும். போன குளிருக்குப் பிறகு அவளுடைய வலது முழங்கால் இறக்கத்தில் பூட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. மலையடிவாரத்து ஹல்த்வானி நகரத்தில் காவல்காரனாக இருக்கும் கணவனும், அங்கேயே ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் மகனும், போன் பண்ணும்போதெல்லாம் எருமையை விற்றுவிட்டு வா என்கிறார்கள். ரோடு வந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவள் நம்பவில்லை. ரோடு வந்தால் தான் போகாமல் இருக்கலாம் என்று மட்டும் நம்பினாள்.

ஆனால் அரசாங்கத்திடம் ஒரு தலைக்கணக்கு இருக்கிறது. அதற்குக் குறைந்த ஊருக்கு ரோடு கிடையாது. சிலோட்டியில் ஆள் குறையக் குறைய ரோடு தள்ளிப்போயிற்று. ரோடு தள்ளிப்போகப் போக ஆள் குறைந்தது. இப்போது ஊரில் திறந்த வீட்டைவிடப் பூட்டிய வீடுதான் அதிகம். பூட்டிய வீடுகளின் முற்றத்தில் காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. மக்காச்சோளம் விதைத்தால் குரங்கு தின்கிறது, கிழங்கு போட்டால் காட்டுப்பன்றி தோண்டுகிறது.

இந்த முறை கேசர் சிங் ஒரு யோசனை செய்திருந்தான். ஊருக்குப் பிரதான், அதாவது பஞ்சாயத்துத் தலைவி, அவன் மனைவி பகவதி; கையெழுத்து அவளுடையது, வாய் அவனுடையது. கணக்கெடுக்க வரும் இஞ்சினியரைக் குலதெய்வப் பூசை நாளில் மலையேறி வரும்படி செய்துவிட்டான். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்குத்தான் ஹல்த்வானிக்குப் போனவர்கள், தில்லிக்குப் போனவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் மேலே வந்து பூட்டைத் திறந்து, ஒட்டடை தட்டி, அடுப்பு மூட்டுவார்கள். கூரைகளிலிருந்து புகை எழுவதைப் பார்த்தால் ஊருக்கு உயிர் வந்தது போலத்தான் இருக்கும்.

பாலை எடுத்துக்கொண்டு ஜசுலி வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பச்சுலி மதில்மேல் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். முன்பற்கள் இரண்டு போனதிலிருந்து அவள் பேச்சு இன்னும் கூர்மையாகிவிட்டது.

“பாத்தியா எங்க வீட்டுத் தில்லிக்காரனை? மூணு இடத்துல உக்காந்து உக்காந்து ஏறியிருக்கான். அவன் பொண்டாட்டி பாதி வழியில, இங்க டாக்சி கிடைக்காதான்னு கேட்டா. கிடைக்கும் மருமகளே, ஆனா அதுக்கு நாலு காலு, வழியில புல்லு மேயும்னேன்.”

“நீ சும்மா இருக்கமாட்ட தீதி.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? எல்லாம் கணக்குக்கு வந்த தலைங்க. நாளைக்கு மறுநாள் பொட்டியத் தூக்கிட்டு இறங்கிடும். அதுக்குள்ள என் மாவு டப்பா காலியாயிடும்.” முறத்தைத் தட்டினாள். “இத்தனை தலை வந்தும் கேசருக்குக் கணக்கு நிறையலையாம். ராத்திரி எண்ணிப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டான். இனி ஹன்சா கணக்குதான் மிச்சம்ங்கறான்.”

கணக்குக் குறைந்தாலும், உயிர்ப்பலி நடந்த ஊர் என்றால் இஞ்சினியர் தனியாகச் சிபாரிசு எழுதலாமாம். ரோடு இல்லாததால் செத்தவள் என்று சிலோட்டியில் காட்ட ஒருத்திதான் இருந்தாள். கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தவள் ஜசுலி. அதனால் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

ஹன்சா அவளுடைய ஓரகத்தி; தீதி என்று அக்கா முறையில் கூப்பிட்டவள். கொழுந்தன் திரிலோக்கின் மனைவி.

பச்சுலியைப் பார்க்கும் முன்பே, அவள் கறந்து முடித்த நேரத்தில், திரிலோக் கொட்டகைக்கே வந்திருந்தான். குஜராத்தில் ஒரு துணி ஆலையில் வேலை. நேற்றுத்தான் வந்து சேர்ந்தான். வாசலில் குனிந்து நின்று, “உள்ள வரட்டுமா பௌஜி?” என்றான்.

“மாட்டுக் கொட்டகைக்கு என்னடா உத்தரவு? வா. தள்ளி நில்லு, உதைக்கும். அது உன்னை மறந்துடுச்சு.”

“எல்லாருமேதான் மறந்துட்டாங்க. கோயில்கிட்ட ஒரு பொடிசு என்னைப் பாத்து, அங்கிள் நீங்க எந்த ஊருன்னு கேக்குது.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவன் கழுநீர்த் தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். முன்பு ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கொட்டகையில்தான் அவனும் ஹன்சாவும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பேசிச் சிரிப்பார்கள். அது ஜசுலிக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும்.

“கேசர் அண்ணன் சொன்னாரு. நீங்க இன்னும் சரின்னு சொல்லலையாம்.”

“யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு பௌஜி? நடந்ததுதானே?”

வைக்கோலை இழுத்துப் போடும் சாக்கில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

“நான் அவ சாம்பலுக்குத்தான் வந்தேன்,” என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பலமுறை தனக்குள் சொல்லிப் பழகிய குரல். “ரயில்ல வர்ற வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் ஓடிச்சு. ஊர்ல ஆள் இருந்திருந்தா அவ இருந்திருப்பா. அந்த இல்லாத ஆளு நான்தானே? நீங்க ஆளில்லேன்னு சொன்னா என்னைத்தான் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க. நான் போன்ல படம் எடுக்கறேன். அவ பேரால ஒரு ரோடாவது வரட்டும்.”

அந்த வாசகத்தை இவன் மூன்று வருஷமாக முதுகில் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று ஜசுலிக்குப் புரிந்தது. அது அவனுக்குத் தண்டனை, அதுவே ஆறுதலும். ஊரைவிட்டுப் போன எல்லோருக்கும் பங்குள்ள குற்றம் அது. பங்கு போட்டால் ஒருவன் சுமக்கிற அளவுக்குக் குறைந்துவிடும். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் என்ன மிஞ்சும்? வார்த்தை அவள் வாய்வரை வந்தது. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“வெறும் வயித்தோட நிக்காத. ரொட்டி வச்சிருக்கேன், போய்த் தின்னு,” என்றாள்.

ஹன்சா கலகலவென்று இருப்பாள். காட்டிலிருந்து தழைக்கட்டைச் சுமந்துகொண்டு திரும்பும்போது பூட்டிய வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, “பூட்டு பௌஜி, நமஸ்தே. உடம்பு சௌக்கியமா? வீட்டுக்காரர் லெட்டர் போட்டாரா?” என்று விசாரிப்பாள். பின்னால் வரும் பெண்கள் சிரிப்பு தாங்காமல் சுமையைக் கல்மேல் இறக்கிவிடுவார்கள். ஜசுலிதான், சந்தி நேரத்தில் பூட்டிய வீட்டைப் பார்த்துச் சிரிக்காதே என்று கடிந்துகொள்வாள். ஹன்சா அடுத்த வீட்டில் இன்னும் பணிவாக நமஸ்தே சொல்வாள்.

அவள் விழுந்தது குளிர் விட்டுக்கொண்டிருந்த பால்குன மாதத்தில், ஒரு காலையில். தழை வெட்ட பாஞ்ச் என்கிற ஓக் மரத்தில் ஏறியிருந்தாள். நின்ற கிளை உளுத்திருந்தது. கீழே பாறை.

பெண்கள்தான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பளியை விரித்து, ஓரங்களைப் பிடித்து, கையால் ஏந்தியே கொண்டுவந்துவிட்டார்கள். கையால் ஏந்தலாம். தோளில் வைக்கக்கூடாது. சிலோட்டியில் நோயாளியைக் கீழே இறக்குவது தண்டியில்தான்: இரண்டு நீளக் கம்புகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைக் கட்டி நாலு பேர் தோள் கொடுப்பார்கள். அந்தக் கம்புக்கு ஆண் தோள்தான். பிணத்துக்குப் பெண்கள் தோள் கொடுப்பதில்லை. உயிரோடு இருப்பவளைப் பெண் தோளில் ஏற்றினால் அவள் வீடு திரும்பமாட்டாள் என்பார்கள். அதை ஒரு நம்பிக்கை என்றுகூட ஜசுலி நினைத்துப் பார்த்தது கிடையாது. நெருப்பில் கை வைக்கக்கூடாது என்பது போல ஒன்று.

அன்று ஊரில் இருந்த ஆண்கள் கேசர் சிங்கின் தகப்பனார் பதம் சிங்கும், இருமலோடு படுத்துக்கிடந்த இன்னொரு கிழவரும்தான். கேசர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தான். அடுத்த ஊர் ஆண்கள் கல்யாண ஊர்வலத்தோடு போய்விட்டிருந்தார்கள். போனில் சிக்னல் எடுக்கும் இடம் மேட்டின்மேல் இருக்கிறது. பதம் சிங் தடியை ஊன்றி அங்கே ஏறினார். ஜசுலியும் மற்ற பெண்களும் கூடப் போனார்கள். அவர்கள் இடுப்பில் தழைக்கயிறு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. ஜசுலி அவருடைய தடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“சீக்கிரம் வாங்கப்பா! இங்க தூக்க ஆளே இல்ல! ஊர்ல ஒரு ஆள் இல்ல!”

அவரைச் சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திக்கும் அது காதில் உறுத்தவில்லை. ஆமாம், ஆளில்லை என்று அவர்களும் சொன்னார்கள். பச்சுலி அழுதாள்.

உச்சி வெயிலில் முற்றத்துக் கட்டிலில் ஹன்சா படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்ததே தவிர நினைவு தெளிவாக இருந்தது. ரத்தம் வெளியே வரவில்லை. அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“தீதி, நீங்களே தூக்கிட்டுப் போங்களேன்,” என்றாள். “ஒரு புல்லுக்கட்டு கனம் வருவேனா நான்? பாதி வழி நீங்க கொண்டு போங்க, மீதி வழி அவங்க எதிர்ல வந்து வாங்கிக்கட்டும்.”

“வாயைக் கழுவு. பொம்பளைங்க தோள்ல போனவ திரும்பி வருவாளா? பேசாம படு. ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க.”

ஹன்சா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப வேணாம். எனக்குத் திரும்பி வரணும்,” என்றாள். “வெட்டின தழை மரத்தடியிலயே கிடக்கு. நீங்க மறந்துடுவீங்க, எருமை பட்டினி கிடக்கும்.”

அதோடு அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் ஜசுலியால் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டாவது தரம் கேட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், திட்டியிருந்தால், ஒருவேளை... ஆனால் அவளும் நம்பினாள். ஜசுலி சொன்னதால் நம்பினாள்.

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியபோது ஆண்கள் வந்தார்கள். கல்யாண வீட்டுத் தலைப்பாகைகூடச் சிலர் அவிழ்க்கவில்லை. தோள் கொடுத்து ஓட்டமாகத்தான் இறங்கினார்கள். வழியில் இருக்கிற வால்நட் மரத்தடியில் ஜசுலி அவள் கையைத் தொட்டபோது கை திரும்பிப் பிடிக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது அங்கிருந்தே தெரிந்தது.

மூன்று வருஷமாக ஜசுலியும் ஆளில்லை என்றுதான் சொல்லிவந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வந்ததில்லை. போன வாரம் கேசர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கூசாமல் சொல்லியிருப்பாள்.

பூசைக்கு வரும் தில்லிக்காரர்களுக்கும் இஞ்சினியருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று கேசர் வாங்கிய ஃப்ரிட்ஜ். பாலம்வரை வண்டியில் வந்துவிட்டது. பாறை விளிம்பில் பாதை குறுகும் இடத்தில் பெட்டி இடிக்கும், என் கழுதை உருண்டுவிடும் என்று கழுதைக்காரன் கையை விரித்துவிட்டான். நேபாளிக் கூலிகள் யாத்திரைப் பாதைக்குப் போய்விட்டார்கள். கேசர் மேலே வந்து, “பௌஜி, தீதி, நீங்கல்லாம் இருக்கறப்ப எனக்கென்ன கவலை?” என்று ஆரம்பித்தான்.

“ஏன், உன் சின்னம்மா செத்தப்ப பொணம் தூக்க ஹல்த்வானியிலேர்ந்து ஆள் வரட்டும்னு உக்காந்திருந்தியே, இதுக்கும் உக்காரு,” என்றாள் பச்சுலி. ஆனால் போனார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சிமெண்ட் மூட்டை சுமந்தவர்கள்தானே. அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது பூட்டித்தான் கிடக்கிறது.

முதுகில் கட்டினால் பெட்டி சாய்கிறது. கேசர் தன் தகப்பனாரின் கொட்டகைப் பரணிலிருந்து இரண்டு கம்புகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பெட்டியை நடுவில் வைத்துக் கட்டினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். களைத்தால் மாற்றிக்கொள்ள மற்றவர்கள். ஜசுலி பின்னால் வலப்பக்கம் தோள் கொடுத்தாள். கேசர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தான்.

“மெதுவா பௌஜி! உள்ள கண்ணாடித் தட்டு இருக்கு! சாய்க்காதீங்க, கேஸ் மேல ஏறிடும்!”

“உன் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட இப்படி ஓடலையே நீ,” என்றாள் பச்சுலி முன்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கனம் இருந்தது, ஆனால் சுமக்கிற கனம்தான். ஒரே தாளத்தில் கால் வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு கம்பு தானாகவே முன்னால் போனது.

வால்நட் மரத்தடியில் தோள் மாற்ற இறக்கினார்கள். ஜசுலி கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பல வருஷம் கயிறு இழுத்து இழுத்து வழுவழுப்பான பள்ளம். குனிந்து பார்த்தாள். தண்டிக் கம்பு. ஊரில் அப்படி ஒரு ஜோடிக் கம்புதான் உண்டு. அன்றைக்கு நாற்காலியைக் கட்டியதும் இந்தப் பள்ளத்தில்தான். கயிறு நழுவாமல் இருக்கிறதா என்று அவளே தொட்டுப் பார்த்திருந்தாள்.

ஃப்ரிட்ஜ் ஹன்சாவைவிடக் கனம்.

அது நினைப்பாகக்கூட வரவில்லை. தோளில் இருந்த எரிச்சலோடு வந்தது. இதைவிடக் கனம் குறைந்தவள். ஏற்றம்கூட இல்லை அன்றைக்கு, இறக்கம். வெயில் இருந்தது. இதே பெண்கள் இருந்தார்கள். கம்பு இருந்தது, கயிறு அவரவர் இடுப்பில் இருந்தது. காலையில் புறப்பட்டிருந்தால் உச்சி வெயிலுக்குள் பாலத்தைத் தாண்டியிருக்கலாம்.

“என்ன ஜசுலி, பேயடிச்ச மாதிரி நிக்கற? தோள் குடு,” என்றாள் பச்சுலி.

கொடுத்தாள். அதன் பிறகு வீடுவரை அவள் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அன்று இரவு தோளில் கம்பு பதிந்த இடம் சிவந்திருந்தது. எண்ணெய் தடவிக்கொள்ள மனசு வரவில்லை.

இன்றைக்குப் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இஞ்சினியரை உட்காரவைத்தார்கள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு செருப்பைக் கழற்றி, குதிகாலில் கிளம்பிய கொப்புளத்தைப் பார்த்தபடி இருந்தார். களைத்த, நல்ல மாதிரியான மனிதர். கேசர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவந்த குளிர்பானத்தை அவர் இரண்டே மடக்கில் குடித்தார். பெண்கள் பூசைக்குப் போர்த்திய மஞ்சள் பிச்சோடாவைக் களையாமல் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பதம் சிங்கையும் கட்டிலோடு கொண்டுவந்து வெயிலில் போட்டிருந்தார்கள். அவரால் இப்போது எழுந்து நடக்க முடியாது.

“இதோ எங்க அப்பா,” என்றான் கேசர். எப்போதும் போடுகிற குரல் அந்த இடத்தில் அவனுக்குச் சரியாக வரவில்லை. “நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா நான் எப்படி இறக்குவேன், சாகிப்? நீங்களே ஏறி வந்தீங்களே.”

இஞ்சினியர் தலையாட்டினார். “எனக்குப் புரியுது. ஆனா தலைக்கணக்கு கம்மியா இருக்கே. என்ன நடந்ததுன்னு கண்ணால பாத்தவங்க யாராவது சொன்னா, நான் தனியா எழுதி அனுப்பறேன்.”

கேசர் திரும்பிப் பார்த்தான். ஜசுலி எழுந்து வந்தாள். திரிலோக் கூட்டத்திலிருந்து விலகி நின்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அவள் சொன்னாள். மரம், உளுத்த கிளை, பாறை. கம்பளியில் ஏந்தி வந்தது. மேட்டுக்கு ஏறிப் போன் பண்ணியது. ஆண்கள் வருவதற்குள் வெயில் போனது. வால்நட் மரம். பாலத்துக்கு அப்பால் நின்ற வண்டியின் விளக்கு. குரல் உயராமல் சொன்னாள். அழுகை வரவில்லை. இஞ்சினியர் குதிகாலைத் தடவுவதை நிறுத்தியிருந்தார்.

“ஆக, அன்னிக்கு ஊர்ல அவங்களைத் தூக்கிட்டுப் போக யாருமே இல்லை. அப்படித்தானே அம்மா?”

ஜசுலி பெண்கள் பக்கம் பார்த்தாள். பச்சுலி பிச்சோடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, உதடு அசையாமல், “ஆமான்னு சொல்லித் தொலைடி,” என்றாள். “ரோடு வரட்டும்.”

ரோடு வரட்டும். கட்டிலில் கிடக்கும் கிழவர் அதில் போகட்டும். நாளைக்குத் தன் முழங்காலும் அதில் போகட்டும். ஒரு தலையசைப்பு போதும். யாருக்கும் நஷ்டமில்லை. கிழவர் அன்று போனில் கத்தியது அதைத்தானே? மூன்று வருஷமாக அவளே சொன்னது அதைத்தானே? சொல்லிவிட்டால், ஹன்சா ஆளில்லாத ஊரில் செத்தவளாக ஒரு காகிதத்தில் ஏறி மலையிறங்கிப் போய்விடுவாள். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் யாரும் அந்தக் காகிதத்தில் இருக்கமாட்டார்கள். புல்லுக்கட்டு கனம் வருவேனா என்று கேட்டது யாரையும் கேட்காத கேள்வியாகிவிடும்.

“சொல்லுங்க பௌஜி,” என்றான் கேசர். கெஞ்சலாகத்தான் சொன்னான்.

திரிலோக் போனைத் தாழ்த்தவில்லை. போனுக்கு மேலே அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவன் இன்று மாலை கொட்டகைக்கு வருவான்; வந்து, பின்னே ஏன் தூக்கவில்லை என்று கேட்பான். அப்போது பாலைக் காரணம் காட்டி எழுந்துகொள்ள முடியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

“ரோடு வேணும், சாகிப்,” என்றாள். “கட்டாயம் வேணும். நான் சொன்னதெல்லாம் நெஜம். அதையெல்லாம் எழுதிக்கங்க.”

“தூக்க ஆளில்லைங்கறதையும் எழுதிக்கறேன். அதுதானே முக்கியம்?”

ஜசுலி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். இழுத்து விட்டுக்கொள்ளவில்லை; முகம் தெரியும்படி பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“வேணாம் சாகிப்,” என்றாள் மெதுவாக. “அதை நான் சொல்லமாட்டேன்.”